எல்லாரும் நம்ம ஆளுதான்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே வேலையாட்கள் குடியிருந்த லயன் வரிசையில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் நான் கரண்டியைக் கீழே போட்டால், அந்தப் பக்கத்திலிருந்து "என்னம்மா, கையில சுட்டுக்கிட்டியா?" என்று குரல் வரும். வீடு என்று பெரிதாகச் சொல்கிறேன், முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். நான் கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய புதிது. என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலை பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டோரில் கிராணி. கணக்கெழுதுகிற வேலை, வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு பத்திரிகை.

பேரைச் சொல்ல மாட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? லயனில் ஒருத்தரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நம்மாளு வந்துட்டாரா, நம்மாளு சாப்பிட்டாரா" என்றுதான் பேச்சு. அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவருக்கே சூட்டிவிட்டார்கள். யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "அவனா? அவன் நம்ம ஆளாச்சே!" என்று முடிப்பார்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு பஞ்சாபி ஜாகா காவலுக்கு நிற்பான். அவன் ஒருநாள் போகிற போக்கில் இவருக்கு சலாம் வைத்துவிட்டான். அவ்வளவுதான், மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து சுவர் வழியாகவே என்னிடம் சொன்னார்.

"ஏம்மா, அந்த ஜாகாவும் நம்ம பக்கம்தான் தெரியுமா?"

"எந்தப் பக்கம் அண்ணே? அவனுக்குத் தமிழே தெரியாதே."

"பாஷை எதுக்கும்மா? பார்த்த பார்வையே சொல்லுது."

மூலைக் கோப்பிக் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, இவர் கோப்பியில் பாலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால், அதுவும் கொள்கைப் பிடிப்பு. லயன் நாய் இவர் பின்னால் வந்தால், "பாரு, ஜீவராசி கூட நம்ம பக்கம்" என்பார். நாய் கருவாட்டு வாசனைக்கு வருகிறது என்று நான் சொல்வேன். சிரித்துக்கொள்வார். கோபப்படவே தெரியாத மனுஷன்.

எனக்குக் கொஞ்ச நாளில் புரிந்துபோயிற்று. சின்ன வயசில் ஒரு தாய்மாமனோடு கப்பலேறி வந்தவர். மாமன் ஊர் திரும்பிவிட்டான், திரும்பியவன் ஒரு கடுதாசி போட்டதில்லை. தபால்காரன் எங்கள் லயனில் எல்லா வாசலிலும் நின்றிருக்கிறான், அவர் வாசலில் நின்று நான் பார்த்ததே இல்லை. சொந்தம் என்று சொல்ல ஆளில்லாதவர், அதனால் கண்ணில் பட்டவரையெல்லாம் சொந்தமாக்கிக்கொண்டார். தீபாவளியன்று காலையில் லயனில் ஒரு வீடு விடாமல் போய் ஆளுக்கொரு பலகாரம் தின்பார். சாயங்காலம் தன் வீட்டில், கடையில் வாங்கிய மைசூர்பாகைத் தட்டில் வைத்து, வருகிறவர்கள் உட்கார என்று வாங்கிப் போட்ட இரண்டு நாற்காலிகளையும் துடைத்துப் போட்டுக் காத்திருப்பார். பொம்பளை இல்லாத வீட்டுக்குப் பண்டிகை நாளில் யார் போவார்கள்? விளக்கு வைத்த பிறகு அவரே நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்துகிற சத்தம் எனக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இவருக்கு ஒரு கட்சி உண்டு. அதற்கு நீளமாக ஒரு பேர், அதில் சீர்திருத்தம் வரும், முன்னேற்றம் வரும், எனக்கு முழுசாகச் சொல்ல வந்ததே இல்லை. எல்லாரும் சங்கம் என்றே சொல்வோம். கடைவீதியில் ஒரு தையல்கடைக்கு மேல் மாடியறை, ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டம். சாதிப்பட்டம் போட்டுக்கொள்ளக் கூடாது, கீழ்சாதி என்று ஒதுக்கிவைத்த பின்வரிசை லயன்காரர்களைக் கோயிலுக்குள் விட வேண்டும், விதவைக்கு மறுகல்யாணம் செய்துவைக்க வேண்டும். இவைதான் பேச்சு. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். பிறகு தட்டினவர்களில் ஒருவர் பேசுவார், பேசினவர் தட்டுவார். என்னைப் பொம்பளைகளுக்கான கூட்டம் என்று ஒரு தடவை கூட்டிப்போனார்கள். பொம்பளை நான் ஒருத்திதான்.

ஆனாலும் அவர்கள் நல்லவர்கள். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என்னிடம் முகம் பார்த்துப் பேசுவார்கள், தண்ணி குடித்த தம்ளரைத் தாங்களே கழுவி வைப்பார்கள். கூட்டம் முடிந்து இவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே உலகத்தைத் திருப்பிப் போடுவார்கள். நானும் கதவோரம் உட்கார்ந்து கேட்பேன். அப்படி ஒருநாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது தட்டுப்பட்டது. அன்றைக்கு வந்திருந்தவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தேன். ஒருத்தர் பிரம்மச்சாரி. ஒருத்தருக்குக் கல்யாணமாகியும் குழந்தையில்லை. இன்னொருத்தர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டவர், அவருக்கு ஊர்ப்பேச்சு ஒட்டாது. நாலாவது ஆள் பள்ளிக்கூட வாத்தியார், அவருக்கு எல்லாம் ஆண்பிள்ளைகள். கட்டிக்கொடுக்கப் பெண் வைத்திருக்கிறவர் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட இல்லை.

அவர்கள் போன பிறகு இவரிடம் சொன்னேன். "அண்ணே, உங்க சங்கத்துல பொண்ணைப் பெத்தவங்க ஒருத்தரும் இல்ல. கவனிச்சீங்களா?"

"அதுக்கென்னம்மா?"

"இந்த லயன்ல வீட்டுக்கு வீடு பொண்ணு இருக்கு."

"இருக்கட்டுமே. பொண்ணுங்களுக்காகத்தானே நாங்க இவ்வளவும் பேசுறோம்!" என்று சிரித்தார். நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

லயன் கடைசி வீட்டில் பாயின்ஸ்மேன் இருந்தார். தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை, தலை நரைத்த மனிதர், பெண்சாதி செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கமலம். கிள்ளானில் கட்டிக்கொடுத்து, புருஷன் மலைக்காய்ச்சலில் போய்ச்சேர்ந்து, முழுசாக இருபது வயசு ஆகுமுன் வெள்ளைச் சேலையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியவள். கமலத்துக்குப் படிக்கத் தெரியும். அது தெரிந்த நாளிலிருந்து நம் கிராணி பத்திரிகையை வாசலில் நின்று உரக்கப் படிப்பதை விட்டுவிட்டார். படித்து முடித்ததை மடித்து என்னிடம் கொடுப்பார், "கடைசி வீட்டுக்குக் குடுத்துரும்மா" என்பார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஒரு தடவை அவள், "அந்தச் சீர்திருத்தக் கட்டுரை ரொம்ப நீட்டம், உப்புச் சப்பில்லன்னு சொல்லுங்க அக்கா" என்றாள். நானும் போய்ச் சொன்னேன். கட்டுரை எழுதியவரே இவர்தான்! சங்கத்துக்காக எழுதி அனுப்பியிருக்கிறார், போட்டிருக்கிறார்கள். மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுத்தது சின்னதாக எழுதினார்.

நேராகப் பேசியது ரொம்பக் கொஞ்சம். தண்ணிக் குழாயடியில் ஒருநாள் அவள் குடம் வழுக்கி விழுந்து, தண்ணி தெறித்து இவர் வேட்டியெல்லாம் நனைந்தது. "மன்னிச்சுக்குங்க" என்றாள் அவள். "பரவாயில்ல, வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர். அவள் சிரித்துவிட்டாள். அந்தப் பெண் சிரித்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரமே இவர் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு பாயின்ஸ்மேனிடம் போய் நேரடியாகவே பெண் கேட்டுவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் கூட இருந்தோம்.

பெரியவர் கோபப்படவில்லை.

"தம்பி, நீங்க நல்ல பிள்ளை. எனக்குத் தெரியும். ஆனா சின்னவளுக்கு ஒரு இடம் பேசி வச்சிருக்கேன். மூத்தவளுக்கு ரெண்டாங் கல்யாணம்னா அவங்க எழுந்து போயிருவாங்க. ஊரு சரின்னு சொல்லட்டும், கோயில்ல வச்சு நானே முன்னால நின்னு கட்டிக்குடுக்கிறேன்."

"ஊரு சரின்னு சொல்லும் மாமா" என்றார் இவர். கேட்ட மாத்திரத்தில் மாமா ஆகிவிட்டார் பெரியவர்! "இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதானே."

ஊர் சரியென்று சொல்வதற்கு ஒரு வாய்ப்பும் தானாகவே வந்தது. எங்கள் கோயில் ரயில்வே நிலத்தில் இருந்தது. அதன் பழைய கமிட்டிக்கும் சங்கத்துக்கும் பின்வரிசைக்காரர்களை உள்ளே விடுவது பற்றித் தகராறு முற்றி, ஒரு வெள்ளிக்கிழமை கைகலப்பு ஆகிவிட்டது. ரயில்வேயின் வெள்ளைக்காரத் துரை வந்து பார்த்தான். கோயிலைப் பூட்டச் சொல்லிவிட்டான். லயனில் ரயில்வே சம்பளம் வாங்குகிற ஆம்பளைகள் எல்லாரும் ஓட்டுப் போட்டு ஒரு கமிட்டியைத் தேர்ந்தெடுங்கள், அந்தக் கமிட்டி சொன்னபடி கோயில் நடக்கட்டும், அதுவரை சாவி என்னிடம் என்று போய்விட்டான். சங்கம் ஜெயித்தால் கோயில் மண்டபத்தில் மறுகல்யாணம் நடக்கலாம். பழைய கமிட்டி ஜெயித்தால் நடக்காது. இவருக்கு அது வெறும் ஓட்டு இல்லை, கமலம்.

அதன் பிறகு மனிதர் வீட்டில் தங்கவே இல்லை. ஸ்டோரிலிருந்து வந்ததும் முகம் கழுவி, ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். "நம்ம பக்கம் போடணும்" என்று தாம்பாளத்தை நீட்டுவார். எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர் மறுக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வரும்போது முகம் பூரித்திருக்கும். "தமிழன் தாம்பூலம் எடுத்துட்டான்னா வாக்குக் குடுத்தாச்சும்மா. பொண்ணு நிச்சயம் பண்றதே அதை வச்சுத்தானே?"

"சடங்கு சாங்கியம் எல்லாம் பித்தலாட்டம்னு மேடையில கத்துறீங்க. வெத்தலையை மட்டும் நம்புறீங்களா அண்ணே?"

"இது வேறம்மா."

என்ன வேறு? எனக்குக் குழாயடிப் பேச்சு தெரியும். பழைய கமிட்டிக்காரர்களும் தாம்பாளத்தோடுதான் வந்துபோனார்கள், அங்கேயும் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வாசலுக்கு வந்து ஒருத்தர் வெற்றிலை நீட்டும்போது வேண்டாம் என்று சொன்னால், அது வந்தவரை முகத்தில் அடித்த மாதிரி. எந்த வீட்டில் அப்படிச் செய்வார்கள்? "ரெண்டு கட்சியும் குடுத்துக் குடுத்து எங்க வீட்டு ஆம்பளைக்கு வாயே வெந்து போச்சுலா" என்று ஒருத்தி சொல்ல, குழாயடியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று மற்றதையும் கேட்டேன். ஒருத்தி ஊரில் தன் மகளுக்கு அத்தை மகனைப் பேசிவைத்திருந்தாள். இன்னொருத்தியின் மகளுக்கு ஈப்போவிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இந்த லயன் கோயிலில் விதவைக்குத் தாலி கட்டினார்கள் என்ற சேதி கப்பலேறி ஊருக்குப் போனால் அந்தச் சம்பந்தங்கள் நிற்குமா? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கமலத்தைப் பார்த்து உச்சுக் கொட்டாத பொம்பளை அங்கே கிடையாது. "பாவம், நல்ல இடமா அமைஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்பார்கள். "ஆனா நம்ம கோயில்ல வேணாம்பா" என்றும் அதே மூச்சில் சொல்வார்கள்.

எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். "நீங்க பேசுறது சங்கத்துக்காரங்களுக்கு இனிக்குது அண்ணே. இவங்களுக்கு இனிக்காது. இவங்களுக்கு ஊர்ல பதில் சொல்ல வேண்டியிருக்கு. சங்கத்துல யாருக்கு அந்தக் கவலை?"

சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். "பயப்படாதம்மா. நேரா மூஞ்சியைப் பார்த்துப் பேசியிருக்கேன். எல்லாரும் ஆகட்டும் அண்ணேன்னுதான் சொன்னாங்க."

ஆகட்டும் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள் இந்த மனிதரிடம்? இல்லை என்று யாராலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாமல்தான் அன்றைக்கு ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

ஓட்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கோயில் சாமான் அறைக்குள் இரண்டு பெரிய மண்பானைகள். சங்கத்தின் பானைக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள், கமிட்டியின் பானைக்கு விபூதி. உள்ளே போகிற ஆள் கையில் ஒரு ரப்பர் கொட்டை, எதில் வேண்டுமோ அதில் போட்டுவிட்டு வர வேண்டும். சத்தம் வெளியே கேட்டு ஆள் இன்ன பக்கம் என்று தெரிந்துவிடக் கூடாதென்று பானைகளின் அடியில் சாக்கைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். இவர் வாசலில் நின்று போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். எல்லாரும் திருப்பிக் கும்பிட்டார்கள். சிலபேர் வெளியே வரும்போது இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். தட்டுகிற கையைப் பார்த்தே இவர் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் துரை முன்னால் பானைகளைக் கவிழ்த்தார்கள். மஞ்சள் பானையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

நான் ஓடிப்போய் இவர் முகத்தைத்தான் பார்த்தேன். கொட்டைகள் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைவிட எனக்கு ஆத்திரமாக இருந்தது சங்கத்துக்காரர்களைப் பார்த்து. அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம்! "போன வருஷம் நாம ஒரு கையளவு ஆளு. இன்னைக்குப் பாரு, எவ்வளவு கொட்டை!" என்று வாத்தியார் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தையல்கடை மாடியில் அன்றைக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது நல்ல தொடக்கம். வீட்டுக்குப் போனால் அவர்களுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. இவர் ஒருத்தருக்குத்தான் குடும்பமே அந்தப் பானையில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீங்க எதுல போட்டீங்க?"

குனிந்து கால் கழுவினார்.

"கேக்கிறேன்ல?"

"விபூதிப் பானையில" என்றார். எங்கள் கைக்குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் காட்டினார். "நமக்கும் ஒண்ணு இருக்கு. நாளைக்கு ஊர்ல கேக்க மாட்டாங்களா?"

"பல்லே முளைக்கல, அதுக்குள்ள இதுக்கு மாப்பிள்ளையா? அந்த மனுஷன் நம்ம இலையில தினம் சாப்பிடுறாரு."

"அதனாலதான்டி ராத்திரியெல்லாம் தூக்கமில்ல" என்றார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். மறுநாள் காலையில் வழக்கம் போல வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ரயில் காட்டினார். என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை மாறிப் பேசவில்லை.

அடுத்த சில நாளில் கமலம் குழாயடியில் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"அக்கா, அப்பா எந்தப் பானையில போட்டாருன்னு நான் கேக்கல. தங்கச்சிக்காகத்தான் போட்டிருப்பாரு. என்னைக் காப்பார்ல பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப் பேசிட்டாங்க. தங்கச்சி கல்யாணம் ஆகிற வரைக்கும்னு சொல்றாங்க. போனா திரும்ப மாட்டேன், எனக்குத் தெரியும்." குடத்தைக் கீழே வைத்தாள். "அவர் கூப்பிட்டா நான் வரேன்னு சொல்லுங்க. கோயில் வேணாம், மேளம் வேணாம். எங்கயாவது மாத்தல் வாங்கிட்டுப் போயிரலாம்."

அந்தக் காலத்தில் ஒரு பெண் வாயைத் திறந்து இப்படிச் சொல்வதென்றால் சாதாரணமா? ஈரக்கையோடு ஓடினேன். இவர் வாசற்படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அவளாவா சொன்னா?"

"அவளேதான். சத்தியமா."

எழுந்தார். உட்கார்ந்தார். ஊசியை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையிலேயே குத்தினார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு ஆம்பளை முகத்தை நான் பார்த்ததில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு யார் யாரும்மா வருவாங்க?"

"சங்கத்துக்காரங்க வருவாங்க. நான் வருவேன்."

"நம்ம லயன்ல?"

ஈரக்கையை முந்தானையில் துடைத்தேன்.

"ஒருத்தருமேவா வரமாட்டாங்க?"

"வரமாட்டாங்க அண்ணே. வந்தா அவங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குக் கேள்வி வரும். அதனால என்ன? நீங்க ரெண்டு பேரும் வடக்கே பிறை ஸ்டேஷனுக்கு மாத்தலாகிப் போய் இருந்தா யார் கேக்கப் போறாங்க?"

சந்தோஷம் அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நின்று பார்த்தேன்.

"அதெப்படிம்மா, ஊரை விட்டுட்டுத் திருடன் மாதிரி போறது? இவங்க எல்லாம் நம்ம ஆளுங்கம்மா. இப்பப் பயந்துட்டாங்க, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொன்னா வந்துருவாங்க. அடுத்த எலெக்‌ஷன்ல நீயே பாரு. அப்புறம் எல்லாரும் நிக்க, கோயில்லயே வச்சு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அவங்க உங்க ஆளு இல்ல அண்ணே! என் வீட்டுக்காரர்கூட இல்ல, உங்களுக்கே தெரியும். இந்த லயன்ல உங்க ஆளுன்னு இருக்கிறது அவ ஒருத்திதான். அவளை விட்டுட்டு யாரை எண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"அப்படிச் சொல்லாதம்மா" என்றார். அடிபட்ட பிள்ளை போல இருந்தது அந்தக் குரல். "எல்லாரையும் விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?"

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, உட்கார வைத்து ஒரு வாய் சோறு ஊட்ட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வந்துவிட்டேன்.

அந்த அடுத்த எலெக்‌ஷன் என்பது வரவே இல்லை. துரை மாறிப்போனான், வந்தவன் சாவியைப் பழைய கமிட்டியிடம் கொடுத்துவிட்டு மறந்துவிட்டான். இவர் அதற்குப் பிறகும் பல வருஷம் ஞாயிறு தோறும் மாடியறைக்குப் போனார். வாத்தியார் சிரம்பானுக்குப் போய்விட்டார், ஒருத்தருக்குப் பெண் பிறந்தது, பிறகு அவர் வருவதைக் குறைத்துக்கொண்டார். கடைசியில் தையல்கடைக்காரன் அந்த அறையில் துணிமூட்டை போட ஆரம்பித்தான். சங்கமே இல்லாமல் போன பிறகும் இவர் லயனில் சாயங்காலம் வாசல் வாசலாக நின்று பேசிக்கொண்டுதான் இருந்தார். எல்லாரும் மரியாதையாக நாற்காலி போட்டார்கள், எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்றார்கள். ஓய்வு பெற்று பூச்சோங் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதப் போனார் என்று கேள்வி. அங்கேதான் முடிந்தது என்றும் சொன்னார்கள். எங்களுக்குச் சேதி வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி போட்டது யார் என்று கேட்டேன். சேதி கொண்டுவந்தவனுக்குத் தெரியவில்லை.

ஆனால் எனக்கு அதையெல்லாம்விட அதிகம் வலிப்பது கமலம் புறப்பட்ட காலைதான். கிள்ளான் வண்டியில் போய், அங்கிருந்து காப்பாருக்கு வேறு வண்டி மாற வேண்டும். பாயின்ஸ்மேன் பெரியவர் பெட்டியை ஏற்றிவிட்டுத் தண்ணி பிடிக்கப் போனார். நான் புளிச்சோற்றைக் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். அவர் வரவில்லை. ஸ்டோர் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், வந்திருக்கலாம்.

"அவர் என்னதான் சொன்னாரு அக்கா? எனக்கு மறைக்காம சொல்லுங்க."

பொய் சொல்ல மனசு வரவில்லை. "எல்லாரும் சம்மதிச்சு வரணுமாம், கமலம். அதுவரைக்கும் பொறுக்கணுமாம்."

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்ட மாதிரி.

"நான் ஒருத்தி பத்தலையாக்கும்" என்றாள்.

அப்பா திரும்பி வருவதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கார்டு விசில் ஊதினான். ஜன்னல் கம்பியில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு அவசரமாகச் சொன்னாள்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு மறக்காம போயிருங்க அக்கா. தாலி கட்டுறப்ப நான் அங்க நிக்கக் கூடாதுன்னு சொல்லிருவாங்க. நீங்க முன்னால நின்னு பாத்துட்டு வந்து, அவ எப்படி இருந்தான்னு எனக்கு எழுதுங்க."